சிவப்பு வட்டமிட்ட தட்டு

பிப்ரவரி 4, செவ்வாய்

ஆபீசில் வருடா வருடம் கொடுக்கிற டைரி வீட்டில் முப்பத்து மூன்று இருக்கிறது. இரண்டு மூன்றில் என் மனைவி ருக்குமணி கோலப் புள்ளி வைத்துப் பார்த்திருக்கிறாள். மீதி எல்லாம் அரிசி டிரம்முக்கு அடியில் முட்டுக் கொடுத்துக் கிடக்கின்றன. இந்த வருடத்து டைரியில் மட்டும் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

எனக்கு எழுத்து கிடையாது. அவளுக்கும் முப்பது வயது வரைக்கும் கிடையாது. அறிவொளி வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டாள். நான் பேசுவதை அப்படியே எழுத அவளுக்கு வராதாம். அறிவொளிப் புத்தகத்தில் இருக்கிற மாதிரித்தான் வருமாம். "அடுத்தவங்க பேசினதெ மட்டும் பேசினாப்பலயே போடு" என்று சொல்லியிருக்கிறேன்.

இத்தனை வருடம் இல்லாமல் இப்போது எதற்கு டைரி என்று கேட்கிறாள். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த அன்று ஆய்வுக்கூடத்தில் எத்தனை குடுவை இருந்தது, அதில் எது விளிம்பு உடைந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் யாராவது வந்து கேட்டால் ஞாபகத்தைத் திறந்து மேசை மேல் வைக்க முடியாது. அதற்குத்தான்.

இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி எனக்கு ஓய்வு.

இன்று செய்தது: கண்ணாடிக் குடுவை நாற்பது கழுவினேன். ஆட்டோகிளேவ் இரண்டு தடவை போட்டேன். அது பெரிய நீராவிக் குக்கர், பூசணம் வளர்ந்த சாமான்களை எல்லாம் அதில் வேகவைத்துக் கொன்றுவிட்டுத்தான் கழுவ வேண்டும். வேறொன்றும் நடக்கவில்லை.

(எழுதுபவள்: களி தட்டில் அப்படியே இருக்கிறது. அந்தக் குக்கரில் போட்டது ஏதாவது உயிரோடு வெளியே வருமா என்று என்னிடமே இரண்டு தடவை கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்.)

பிப்ரவரி 5, புதன்

இதைப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

நான் வேலை பார்ப்பது காலேஜில் பூசணம் வளர்க்கிற ஆய்வுக்கூடத்தில். ஊறுகாயிலும் ரொட்டியிலும் படிகிற பச்சைப் பூசணத்தின் தூரத்துச் சொந்தம். மேலே பச்சையாகத் தூள் மாதிரி இருக்கிறதே, அது வித்து. ஆணும் பெண்ணும் சேராமல் தனியாகவே அது பெற்றுப்போடுகிற பிள்ளைகள். விரலால் தொட்டால் லட்சம் பறக்கும். தண்ணீருக்குள் அமுக்கி வைத்தால் எத்தனை நாளானாலும் வெறும் நூலாக ஓடிக்கொண்டிருக்கும். வெளியே எடுத்துக் காற்றுப் பட வைத்தால் அடுத்த நாளே பச்சை விடும்.

எப்போது வித்து விடுவது என்று உள்ளே உத்தரவு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜீன் என்பார்கள். ஒருவன் 'ஆரம்பி' என்பான். அடுத்தவன் காம்பின் நுனியில் வித்தை மணிமணியாகக் கோப்பான். மூன்றாமவன் அதை முற்ற வைப்பான். ஒவ்வொருவனையும் கெடுத்து வைத்த பூசணமும் எங்களிடம் உண்டு. முதலாமவன் கெட்டால் மொட்டைக் காம்பாக விறைத்து நிற்கும், பன்றி மயிர் மாதிரி. மூன்றாமவன் கெட்டால் வித்து வெளுத்துப்போய் இரண்டு நாளில் தண்ணீராகக் கரையும். பூசணம் வளர்கிற மூடி போட்ட கண்ணாடித் தட்டின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. மூஞ்சியைப் பார்த்தால் யார் என்று தெரிந்துவிடும்.

பவதாரணி அம்மிணியின் பூசணத்துக்குப் பெயர் பஞ்சு. இந்த மூன்று பேருக்கும் மேலே இருக்கிற ஒருவன் அதில் கெட்டுப்போயிருக்கிறான். அதனால் வித்தே கிடையாது. தட்டு நிறைய வெள்ளைவெளேரென்று பஞ்சு. ஆறு வருடமாக அந்தப் பிள்ளை டாக்டர் பட்டத்துக்கு இதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. உள்ளே இன்னொருவனும் கெடட்டும் என்று பஞ்சுக்கு ஊதா விளக்கு காட்டும், தட்டில் போடும், வெள்ளைக்கு நடுவில் எங்காவது பச்சை வருகிறதா என்று பார்க்கும். வராது. நான் தட்டுக் கழுவுவேன். மறுபடியும் போடும்.

"அப்படி வந்தா என்னங்க அம்மிணி?" என்று ஒருதரம் கேட்டேன்.

"கெட்டுப்போன இவன் 'போ'ன்னு சொல்றவன் இல்லீங்கய்யா. 'நில்லு'ன்னு சொல்ற இன்னொருத்தனை அடக்கி வெக்கிறவன். அந்த இன்னொருத்தன் ஆருன்னு தெரியலை. அவனும் ஒடஞ்சுட்டா நிறுத்தறதுக்கு ஆளில்லை. பஞ்சு பச்சையாயிரும். அந்தப் பச்சையெப் புடிச்சா அவனெப் புடிச்சுருவேன்."

போன சனிக்கிழமை சாயங்காலம் பச்சை வந்திருக்கிறது. ஆறு வருடத்தில் ஒரே ஒரு புள்ளி. திங்கட்கிழமை மேடத்திடம் காட்டிவிட்டு அப்புறம் தொடலாம் என்று பூசணத்தை இளஞ்சூட்டில் வளர்க்கிற இன்குபேட்டர் பெட்டியின் மேல் அடுக்கில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. திங்கள் மதியம் வந்து பார்த்தால் தட்டு இல்லை.

இன்று முழுக்க அந்தப் பிள்ளை ஒவ்வொரு அலமாரியாகத் திறந்தது. உதவித்தொகை போன வருடமே நின்றுவிட்டது. ஜூனோடு பதிவும் முடிகிறது. அதற்குள் இன்னொரு பச்சை வராது.

(எழுதுபவள்: தட்டு எங்கே போயிருக்கும் என்று கேட்டேன். "எழுதறதெ மட்டும் எழுது" என்றார்.)

பிப்ரவரி 6, வியாழன்

இன்றும் தேடினார்கள். நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

மேடம் எல்லோரையும் கூப்பிட்டார். டாக்டர் திலகவேணி. கூடத்துக்குத் தலைவர், சத்தம் போடாமலே பேசுவார். அதுதான் எனக்குப் பயம்.

"திங்கக்கெழமை காலையில அந்த ரூமுக்குள்ள போனது ரெண்டே பேரு. நாச்சிமுத்தண்ணன், மாராத்தா."

நாச்சிமுத்தண்ணன் என்றது என்னை. மாராத்தாள் ஒப்பந்தக்காரன் அனுப்பிய ஆள். கூட்டித் துடைப்பவள். புருஷன் இல்லை, மகள் பிரசவத்துக்கு வந்து வீட்டில் இருக்கிறாள். வாய் மட்டும் பெரிது.

"நான் கூட்டறது தரையிங்க மேடம். மேசையில்லீங்க. பூசணத்தெ எடுத்துட்டுப் போயி நான் என்ன, பணியாரம் சுடப்போறனா?" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

"அண்ணன் முப்பத்தி நாலு வருசமா இங்க இருக்காரு. ஒரு தட்டு தவறினதில்லை. நீ போன மாசம் ரெண்டு பிளாஸ்க் ஒடச்சே. குப்பைன்னு நெனச்சு வாரிப் போட்டிருப்பே. ஒத்துக்கிட்டா விட்டுர்றேன்."

"ஒடச்சதெ ஒடச்சேன்னுதானுங்க சொன்னேன். இதெச் செய்யலீங்க."

அடுத்த வெள்ளிக்கிழமையோடு நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். மாராத்தாள் வாளியை வைத்தாள்.

"ஏனுங்ணா, திங்கக்கெழமை ஆட்டோகிளேவு போட்டீங்களல்லோ?"

"வாரா வாரம் போடறதுதான்."

"அதத்தானுங் கேட்டேன்" என்றாள். வாளி நிறைந்து வழிகிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்குளுக்கும் எனக்கும் ஒரே கண்ணுதானுங்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவளுக்கும் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியாது என்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். போன வருடம் மார்கழியில் பஸ் நிறுத்தத்தில், "வர்றது எந்த பஸ்ஸுங்ணா?" என்று கேட்டாள். நான் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் ரேஷன் கடை. கோதுமை இல்லை.

ருக்குமணிக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதச் சொல்கிறேன். ஆபீசில் என்னை நாச்சிமுத்து என்பார்கள். அது என் பெயர் இல்லை. என் தம்பி பெயர். என்னைவிட ஆறு வயது சின்னவன். எட்டாவது தேறின கோடையில் கடலைக்காட்டில் பாம்பு கடித்துச் செத்துப்போனான். பள்ளிக்கூடத்தில் கொடுத்த காகிதத்தை ஆத்தா தகரப்பெட்டியில் வைத்திருந்தாள். ஆய்வுக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள், எட்டாவது படித்திருக்க வேண்டும் என்றார்கள். ஆத்தாதான் பெட்டியைத் திறந்தாள். "அவன் பொளைக்காத பொளப்பெ நீ பொளைச்சுட்டுப் போ" என்றாள்.

காகிதத்தின்படி எனக்கு அறுபது. எனக்கு அறுபத்தாறு. முழங்காலுக்கு அது தெரியும், ஆபீசுக்குத் தெரியாது. ஓய்வு கொடுக்கும்போது பழைய காகிதங்களை எல்லாம் எடுத்துச் சரிபார்ப்பார்களாம். எட்டாவது படித்தவனுக்கு எழுத்துத் தெரியவில்லை என்று ஒருத்தர் வாயில் வந்துவிட்டால் போதும், நூலைப் பிடித்துக்கொண்டு தகரப்பெட்டி வரைக்கும் வந்துவிடுவார்கள். பென்ஷன் போய்விடும். ஜெயிலில் போடுவார்களா என்று தெரியவில்லை. யாரிடம் கேட்பது?

என்னைச் சேர்த்துக்கொண்ட பெரிய டாக்டர் கோதண்டம் ஒருவருக்குத்தான் எனக்கு எழுத்து இல்லை என்பது தெரியும். முதல் வாரமே தவறான பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். திட்டவில்லை. "உனக்கு நெறம் தெரியுமல்லோ?" என்று கேட்டார். அன்றைக்கே எனக்காக விதி போட்டார். நல்ல தட்டுக்குக் கறுப்பு மை. கெட்டுப்போன தட்டுக்குச் சிவப்பு வட்டம். சிவப்பு வட்டம் எங்கே இருந்தாலும் எடுத்து வேகவைத்துவிட வேண்டியது. யாரையும் கேட்க வேண்டாம். அதைத் தமிழில் டைப் அடித்துச் சட்டம் போட்டு மாட்டினார். இப்போது பிள்ளைகள் கெட்டதை அவர்களே நீல வாளியில் போட்டுவிடுகிறார்கள். சிவப்பு வட்டத்தைப் பார்த்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் இருக்கும்.

(எழுதுபவள்: இதை எழுதும்போது எனக்குப் புரிந்துவிட்டது. எழுதி முடித்ததும் அவரே எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.)

பிப்ரவரி 10, திங்கள்

இன்று ஒன்று நடந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, ஆகவே நடந்த வரிசையில் சொல்கிறேன்.

திங்கட்கிழமை திங்கட்கிழமை நான் காற்றுத்தட்டு வைப்பேன். இதுவும் பெரிய டாக்டர் பழக்கியது. நான்கு தட்டில் மீடியா ஊற்றி, கழுவுகிற அறையில் நான்கு மூலையில் மூடியில்லாமல் கால்மணி நேரம் வைப்பது. மீடியா என்பது பூசணத்துக்கு ஊற்றுகிற கூழ். காற்றில் என்ன பறக்கிறதோ அது கூழில் விழுந்து முளைக்கும். அறை சுத்தமா என்று அதில் தெரியும். இப்போது யாரும் கேட்பதில்லை. நான் விடவில்லை. புது மீடியாவை அதற்கு வீணாக்க மாட்டேன்; பிள்ளைகள் ஊற்றி மிச்சம் வைத்ததை உருக்கி ஊற்றுவேன். ஒரு வாரம் இன்குபேட்டரில் இருக்கும். அடுத்த திங்கட்கிழமை எடுத்து வேகவைத்துவிட்டுப் புதிதாக வைப்பேன்.

இன்று போன வாரத்துத் தட்டுகளை எடுத்தேன். மூன்றில் வழக்கம் போல ஒன்றிரண்டு. ஜன்னல் பக்கத்துத் தட்டில் ஒன்பது பச்சை.

ஆட்டோகிளேவின் மூடி திறந்திருந்தது. கையில் தட்டு. கை தானாக உள்ளே போனது. அப்போதுதான் போன திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. காற்றுத்தட்டு திறந்து வைத்திருந்த நேரத்தில்தான் நான் ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டு

(எழுதுபவள்: இவ்வளவுதான் சொன்னார்.)

பிப்ரவரி 12, புதன்

நான்கு தட்டையும் வேகவைக்கவில்லை. பேப்பரில் சுற்றி, குளிர்பெட்டியில் பழைய உப்புக் கரைசல் பாட்டில்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். யாராவது அந்தப் பெட்டியைத் திறந்தால் நான் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன். யாரும் திறக்காவிட்டாலும் போய் நிற்கிறேன்.

எடுத்துப் போட்டு வேகவைத்தால் முடிந்தது. நான் மட்டும் அறிந்த விஷயம் என்னோடு இருபத்தெட்டாம் தேதி வீட்டுக்கு வந்துவிடும். நேற்று இரண்டு தடவை கையில் எடுத்தேன்.

பவதாரணி அம்மிணி இன்று மேசையைக் காலி செய்துகொண்டிருந்தது. காலேஜ் ஒன்றில் வாத்தியார் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறதாம். "வேணுங்களாய்யா?" என்று பேனாக் கட்டு ஒன்றை என்னிடம் நீட்டியது. எல்லாம் தட்டில் எழுதுகிற மைப் பேனா. அதில் ஒரு சிவப்பு இருந்தது. வேண்டாம் என்றேன்.

மாராத்தாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வராந்தாவில் கூட்டிக்கொண்டே பேசினாள். "நாளன்னிக்கு நான் போயிட்டனாக்கும், அப்பறம் இந்தக் காலேஜுல ஒண்ணுமே தொலையாது பாருங்கொ!"

பிப்ரவரி 13, வியாழன்

பால் வருவதற்கு முன்னால் எழுதச் சொல்கிறேன். பகலானால் தைரியம் போய்விடும்.

தட்டை நான்தான் வேகவைத்தேன். இன்குபேட்டரின் மேல் அடுக்கில் சிவப்பு வட்டம் போட்டு இருந்தது. உள்ளே பஞ்சு, நடுவில் எட்டணா அளவு பச்சை. வெள்ளையில் பச்சை விழுந்தால் காற்றிலிருந்து வந்த கெட்டது என்றுதான் முப்பத்து நான்கு வருடமாகப் பார்த்திருக்கிறேன். அம்மிணி தேடுகிற பச்சையாக இருந்தால் அதற்குச் சிவப்பு வட்டம் போடாது என்று நினைத்தேன். வட்டத்துக்கு மேலே ஏதோ எழுதியும் இருந்தது. எழுத்து எனக்குக் கோடு. கழுவுகிற அறைக்குக் கொண்டுபோனேன். அந்தப் பச்சை பார்க்க நன்றாக இருந்தது. எங்களுடைய எந்தப் பூசணத்தின் மூஞ்சியும் அது இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் மூடியைத் திறந்து பார்த்தேன். கொஞ்சம் தூள் எழும்பினது கண்ணில் பட்டது. மூடினேன். போட்டேன். முக்கால் மணி நேரம்.

மதியம் அந்தப் பிள்ளை "ஆராவது எடுத்தீங்களா?" என்று கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் வரவில்லை. முதல் நாள் வராதது அடுத்த நாள் எப்படி வரும்?

ருக்குமணி பேனாவை வைத்துவிட்டாள். எழுதச் சொன்னேன், எழுதவில்லை. இப்போது எழுதுகிறாள்.

"ஏனுங்க, பென்சன் போயிட்டா நம்ம ரெண்டு பேருக்கும் என்ன, ஒரு வேளைக் களி. அதெ எங்கயாச்சும் கிண்டிக்கலாம். அந்த மாராத்தா மக இருக்குதே, அது மாசமா?"

"பெத்துட்டா. பையன்."

"அப்பறம் இன்னும் என்னத்துக்கு என்னைய எழுதச் சொல்லிட்டு இருக்கறீங்க? போங்க, போயிச் சொல்லுங்க."

பயமாக இருக்கிறது என்றேன். அவளுக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்றாள். கூடவே வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

பத்து மணிக்கு மேடம் அறைக்குப் போனேன். பவதாரணி அம்மிணி ஏதோ கையெழுத்துக்கு நின்றிருந்தது. நான்கு தட்டையும் மேசையில் வைத்தேன். அதில் ஒன்று உருண்டுவிட்டது, அம்மிணிதான் பிடித்தது.

"தொலஞ்ச தட்டெ நான்தானுங்க வேகவெச்சேன். மாராத்தா இல்லீங்க."

அம்மிணி பிடித்த தட்டை மேசையில் வைத்தது. "அய்யா, அதுல இவ்வளவு பெருசா எழுதியிருந்தேனே! தொடாதீங்கன்னு!"

"எழுதியிருந்தீங்களாட்டங்குதுங்க அம்மிணி. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

சொல்லிவிட்டேன். முப்பத்து நான்கு வருடத்தில் அந்த வார்த்தை அந்தக் கட்டடத்துக்குள் முதல் தடவை.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "ரெக்கார்டுல எட்டாவது பாஸுன்னு இல்ல இருக்கு?"

நான் அதை விட்டுவிட்டு, "செவப்பு வட்டம் போட்டிருந்துச்சுங்க. செவப்பு வட்டம்னா வேகவெச்சுரோணும்" என்றேன்.

"அப்படின்னு ஆரு சொன்னா?"

கதவுக்கு மேலே கை காட்டினேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய டாக்டர் மாட்டின சட்டம். கண்ணாடி மேல் ஒட்டடை. மாட்டின அன்று அவர் எனக்கு ஒருதரம் படித்துக் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்: "மூன்று. சிவப்பு மையால் வட்டமிடப்பட்ட தட்டுகள் எவ்விடத்தில் இருப்பினும், எவரையும் கேளாமல், அன்றே அழிக்கப்பட வேண்டும்."

அம்மிணி நாற்காலி மேல் ஏறி ஒட்டடையைத் துடைத்துப் படித்தது. ஒரு எழுத்து மாறவில்லை. இறங்காமல் அங்கேயே நின்றது.

"ஆறு வருசமா இந்தக் கதவுல போயிட்டு வர்றேன் மேடம். ஒரு நாளுங்கூடப் படிச்சதில்லை. கையில கெடைச்ச பேனா செவப்பா இருந்துச்சு, போட்டேன்."

மேடம், "நான் பதினோரு வருசமா" என்று மட்டும் சொன்னார்.

"ஆனா ஏழாவதெ நான் மீறிட்டனுங்க" என்றேன். "ஏழு. அழிப்பதற்கு முன் மூடியைத் திறக்கலாகாது. நான் திறந்து பார்த்தேன். தூளு எந்திரிச்சுது. அப்போ இந்தக் காத்துத்தட்டு நாலும் தொறந்து கெடந்துது. ஜன்னலோரத் தட்டுல ஒம்பது பச்சை இருக்குதுங்க. அதுல ஒண்ணு அதா இருக்குமா?"

மேடம் எழுந்துவிட்டார். "இதுல என்ன மீடியா ஊத்தினீங்க?"

"அம்மிணி மிச்சம் வெச்சதுதானுங்க. வைட்டமின் போட்டது."

எங்கள் பஞ்சு சீக்காளி. ஒரு வைட்டமின் போட்டால்தான் முளைக்கும், இல்லாவிட்டால் முளைக்காது. தெருவில் பறக்கிற பூசணத்துக்கு அதெல்லாம் வேண்டாம், எதிலும் முளைக்கும். புது மீடியா ஊற்றியிருந்தால் அந்த வித்து விழுந்தும் வீணாகியிருக்கும்.

அம்மிணி அப்போதே ஊசியைச் சுட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. நான்கு தட்டிலுமாகப் பதினான்கு பச்சை. ஒவ்வொன்றிலும் ஒரு துளி தொட்டு, வைட்டமின் போட்ட தட்டில் ஒரு புள்ளி, போடாத தட்டில் ஒரு புள்ளி. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

மேடம் ஒப்பந்தக்காரனுக்கு என் முன்னாலேயே போன் போட்டு, மாராத்தாளை நிறுத்த வேண்டாம் என்றார். நான் கிளம்பும்போது, "அந்த எட்டாவது..." என்று ஆரம்பித்தார். நின்றேன். "பெறகு பாத்துக்கலாம்" என்றார்.

பிறகு என்றால் எப்போது?

பிப்ரவரி 17, திங்கள்

மாராத்தாள் வேலைக்கு வந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு வாயி தொறந்துருச்சாமா? ஊரே பேசுது" என்றாள். மகளுக்குச் செய்ததில் ஒரு பொட்டலம் காய மருந்து கொண்டுவந்திருந்தாள். பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுப்பது. "நீங்களுந்தானுங்ணா பெத்துப் பொளைச்சிருக்கறீங்க, தின்னுங்க" என்று என் கையில் வைத்தாள்.

தட்டுகள் மூன்று நாளாகியும் சரியாகத் தெரியவில்லை. நான்கு தடவை எட்டிப் பார்த்தேன். இன்று காற்றுத்தட்டு வைத்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பதினான்கில் பன்னிரண்டு இரண்டு பக்கமும் முளைத்திருக்கிறது. எல்லாம் தெருவில் பறப்பவை.

மீதி இரண்டு, வைட்டமின் பக்கம் மட்டும். அதில் ஒன்று பஞ்சுக்குத் தாயான எங்கள் பழைய பச்சைதான்; மூஞ்சியைப் பார்த்ததும் சொன்னேன். இன்னொன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அம்மிணி, "என்னங்கய்யா, சொல்லுங்க" என்றது. "அன்னிக்கு ஜன்னல்ல பாத்த மூஞ்சி" என்றேன்.

"உங்க கண்ணை மட்டும் வெச்சு நான் தீஸிஸ் எழுத முடியாதுங்கய்யா" என்றது. ஆனால் சிரித்தது. உள்ளே அந்தக் கெட்ட ஜீன் இன்னும் கெட்டபடியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். கெட்டபடி இருந்துகொண்டே பச்சை விட்டிருந்தால் அதுதான்.

பிப்ரவரி 21, வெள்ளி

அதுதான்.

பவதாரணி அம்மிணி வராந்தாவில் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டது. கை முழுக்க சோப்பு நுரை. அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதது. நான் குழாயை மூடாமல் நின்றேன்.

ஆபீசிலிருந்து ஆள் வந்து என் பழைய காகிதங்களை மேடத்திடம் கையெழுத்துக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மேசையின் இடது பக்கம், நீலக் கட்டு. தம்பியின் காகிதம் அதற்குள்தான் இருக்கும்.

பிப்ரவரி 24, திங்கள்

கட்டு இன்னும் மேசையிலேயே இருக்கிறது. காற்றுத்தட்டு வைத்தேன். என் கையால் வைப்பது கடைசி. அடுத்த வாரம் எப்படி எடுப்பது என்று மாராத்தாளிடம் சொல்லிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 26, புதன்

மேடம் கூப்பிட்டார். நீலக் கட்டு திறந்திருந்தது. மேலே அந்தக் காகிதம். ஓரம் பழுத்துப்போய், மடிப்பு அப்படியே. தகரப்பெட்டியில் மடித்த மடிப்பு.

மேடம் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "நல்ல மார்க்கு வாங்கியிருக்காரு" என்றார். வாங்கியிருக்கீங்க என்று சொல்லவில்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கறுப்பு மை.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

சால்வை போட்டார்கள். மைக்கில் நாச்சிமுத்து நாச்சிமுத்து என்று ஏழெட்டுப் பேர் பேசினார்கள். நல்லவன், ஒழுங்கானவன் என்றார்கள். தம்பி பதினான்கு வயதோடு போனவன். அவனுக்குக் கிடைக்க வேண்டியதுதான் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் பவதாரணி அம்மிணி என்னைக் குளிர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனது. ஐஸைவிடப் பல மடங்கு குளிர்கிற பெட்டி அங்கே இருக்கிறது. புதுப் பூசணம் கிடைத்தால் அதன் வித்தைச் சின்னக் குப்பியில் அடைத்து, யார் கண்டுபிடித்தார்களோ அவர்கள் பெயரை எழுதி அதில் வைப்பது வழக்கம்.

"உங்க பேரெப் போடப்போறனுங்கய்யா."

"கண்டுபுடிச்சது நீங்க அம்மிணி."

"நான் தொலைச்சேன். நீங்கதான் கண்டுபுடிச்சீங்க. நாச்சிமுத்துன்னு முழுசா எழுதட்டுங்களா?"

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. என் வாயில் என்ன வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"ஆறுச்சாமின்னு எழுதுங்க."

"அது ஆருங்கய்யா?"

"வூட்டுல கூப்புடறதுங்க."

ஒரு நிமிடம் என்னைப் பார்த்தது. குனிந்து எழுதியது. எழுதினதை வெளிச்சத்தில் எனக்குக் காட்டியது. எனக்கு அது நான்கைந்து கோடு. பெட்டியில் வைத்து மூடியது. வித்து உள்ளே எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று கேட்டேன்.

"நாமெல்லாம் போனப்பறமுங்கூட இருக்குமுங்க."

இத்தனை வருடம் தண்ணீருக்குள் அமுக்கி வைத்திருந்த என் பெயரைப் போகிற அன்றைக்கு வெளியே எடுத்துவிட்டேன். அங்கே எல்லோரும் படித்தவர்கள். என்றைக்காவது ஒருத்தன் அந்தக் குப்பியை எடுத்து, இந்த ஆறுச்சாமி யார் என்று கேட்டால்?

(எழுதுபவள்: ஆறுச்சாமி என்று தனியாக ஒரு பக்கத்தில் பெரிதாக எழுதிக் காட்டச் சொன்னார். எழுதினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போடச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் கிழிக்கவில்லை.)